காயலான் கடையிலிருந்து வந்த வாஷிங் மெஷின்: போர்டைத் திறக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த, மேலிருந்து துணி போடும் முழுத் தானியங்கி வாஷிங் மெஷின் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கி வந்து, அதன் மின்னணுப் பகுதியை, அதாவது மெஷினை இயக்கும் சர்க்யூட் போர்டை, வீட்டிலேயே பழுது பார்த்து ஓட வைத்தேன். அதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இங்கே உள்ளன. மின்சார வேலை ஓரளவு தெரிந்தவர்களுக்கான பதில்கள் இவை. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பிரித்து அறியாதவர்கள் இதைப் படித்துவிட்டு, வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ஓடாத மெஷின் என்றாலே போர்டு போய்விட்டது என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. நான் வாங்கிய மெஷினை முந்தைய உரிமையாளர் கடையில் போட்டதற்குக் காரணமே, போர்டை மாற்ற 4,800 ரூபாய் ஆகும் என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னதுதான் என்று கடைக்காரர் கூறினார். போர்டில் கோளாறு இருந்தது மெய்யே. ஆனால் அந்தக் கோளாறுக்குக் காரணம் போர்டில் இல்லை. தண்ணீர் விடும் வால்வின் காயில் (கம்பிச் சுருள்) உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சையும் எரித்திருந்தது. புதிய போர்டைப் போட்டிருந்தாலும் முதல் முறை தண்ணீர் பிடிக்கும்போதே அதுவும் எரிந்திருக்கும். எனவே போர்டில் ஒரு பாகம் கருகியிருப்பதைக் கண்டால், உடனே அதை மாற்ற முனையாமல், அந்தப் பாகத்திலிருந்து கிளம்பும் ஒயர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து, மறுமுனையில் இருப்பதைச் சோதித்த பிறகே ஈயம் தொட வேண்டும். என் அனுபவத்தில் வீட்டு வேலையில் நேரத்தையும் காசையும் மிச்சப்படுத்திய ஒரே பழக்கம் இதுதான்.

பழைய மெஷினை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மின்னணுப் பகுதியைப் பார்க்கவே வேண்டாம், இரும்பைப் பாருங்கள். ட்ரம்மைக் கையால் சுற்றும்போது கரகரவென்ற ஓசை வந்தால் பேரிங் போயிருக்கும், அதற்கு ஆகும் செலவில் வேறொரு பழைய மெஷினே வாங்கிவிடலாம். அடிப்பாகத் தகடு துருப்பிடித்து உதிர்கிறதா, ட்ரம்மைத் தாங்கும் நான்கு கம்பிகளும் இருக்கின்றனவா, கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசிந்த கறை தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் செம்புக்காக மெயின் ஒயரை ஒட்ட வெட்டிவிடுவது வழக்கம் என்பதால் அது இல்லாதது குறையல்ல. ஆனால் மோட்டாரையே கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டை நம்மிடம் தள்ளிவிடுவதும் உண்டு. மெஷினைச் சாய்த்து அடியில் எட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

கூடாது. எத்தனை மழையில் நனைந்து கிடந்தது, எந்த ஒயரை எலி கடித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. முதலில் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஒயர்களை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்து, கடிபட்ட இடங்களைச் சரிசெய்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். அடுத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் மெஷினின் உலோக உடலுக்கும் தொடர்பு இருப்பதை மல்டிமீட்டரில் உறுதி செய்ய வேண்டும். ஃபேஸ் அல்லது நியூட்ரலுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு சிறிதும் இருக்கக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் இருந்தால், போர்டின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரையும் பம்பையும் அதில் சோதித்துக்கொள்வது இன்னும் நம்பகமானது.

அதன் பிறகும் நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், சீரிஸ் பல்பு வழியாகவே கொடுக்க வேண்டும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் ஒயரில் தொடராக இணைத்துவிட்டால், போர்டில் ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டில் புகை வராது. போர்டு நன்றாக இருந்தால் அது இழுக்கும் சில வாட்டுக்குப் பல்பின் இழை சிவக்கக்கூடச் செய்யாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. இப்போது குண்டு பல்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால், கண்ட இடத்தில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் இருப்பது வெறும் 5 வோல்ட்தானே, தொட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் நான் குரலை உயர்த்துவது வழக்கம். செல்போன் சார்ஜரில் வெளிவரும் 5 வோல்ட்டும் வாஷிங் மெஷின் போர்டில் இருக்கும் 5 வோல்ட்டும் ஒன்றல்ல. சார்ஜருக்குள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, வீட்டு மின்சாரத்தையும் நம் கை படும் பகுதியையும் முற்றாகப் பிரித்துவிடுகிறது. வாஷிங் மெஷின் போர்டுகள் பலவற்றில் அப்படிப்பட்ட பிரிப்பே கிடையாது. ட்ரையாக்குகளை, போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் ஐசி நேரடியாகத் தூண்ட வேண்டும் என்பதற்காக, 5 வோல்ட் தடத்தையே 230 வோல்ட்டின் ஒரு கம்பியோடு சேர்த்து வைத்திருப்பார்கள். நம் வீட்டு சாக்கெட்டுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது புதிதல்ல என்பதால், அந்தக் கம்பி ஃபேஸாகவே இருக்கக்கூடும். அப்படியானால் எல்இடி, பட்டன், சென்சார் ஒயர் என்று போர்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தரையோடு ஒப்பிட்டால் 230 வோல்ட்டில்தான் நிற்கிறது. அதைத் தொட்டால் அடிக்கும் அடி 5 வோல்ட் அடியாக இருக்காது.

ஆகவே போர்டில் அளவெடுக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மீட்டரின் இரண்டு முனைகளையும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு மின்சாரம் கொடுத்து, அளவைப் படித்து, மீண்டும் பிடுங்கிய பிறகே கிளிப்பை நகர்த்த வேண்டும். எர்த் செய்யப்பட்ட ஆசிலோஸ்கோப்பையோ, சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பையோ இந்தப் போர்டோடு இணைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். சோதனை மேசைக்கு வரும் மின்சாரம், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வருமாறு செய்துகொள்வது கட்டாயம். ஆனாலும் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே சமயத்தில் தொட்டால் அது ட்ரிப் ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். அதை ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்யாமல், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடிகள் குறுக்கே பிடித்துத் தீர்த்துவிட்டு, மீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் பட்டனை அழுத்தினால் எந்த விளக்கும் எரியவில்லை. எங்கே தொடங்குவது?

மின்சாரம் வரும் பாதையிலேயே தொடங்கிப் படிப்படியாக உள்ளே போக வேண்டும். மெயின் ஒயர், அடுத்து ஃப்யூஸ், அடுத்து அதன் அருகில் நீலத்திலோ மஞ்சளிலோ சிறு வட்டில்போல நிற்கும் வேரிஸ்டர். எங்கள் தெருவில் ஒருமுறை கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் அளவுக்குப் பாய்ந்த நாளில், ஃபிரிட்ஜ், டிவி என்று எல்லாவற்றிலும் முதலில் வெடித்தது இந்த வேரிஸ்டர்தான். அதன் வேலையே அதுதான்: மின்னழுத்தம் எல்லை மீறும்போது தான் ஷார்ட் ஆகி, ஃப்யூஸை எரித்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றுவது. 471 என்று எழுதப்பட்டிருந்தால் அது 300 வோல்ட் ஏசி வரை தாங்கும் வகை. அதே எண்ணும் அதே விட்டமும் உள்ள புதியதைப் போட வேண்டும். வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஃப்யூஸை மட்டும் மாற்றினாலும் மெஷின் ஓடும், அடுத்த நியூட்ரல் கட் வரை.

ஃப்யூஸும் வேரிஸ்டரும் நலமாக இருந்தால், ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜில் உள்ள நான்கு டயோடுகளையும் மீட்டரின் டயோடு நிலையில் சோதியுங்கள். பிறகு, உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் எஸ்எம்பிஎஸ் ஐசியைப் பாருங்கள். பல போர்டுகளில் வைப்பர்12ஏ என்ற எட்டுக் கால் ஐசி இருக்கும். அதன் 5 முதல் 8 வரையுள்ள கால்கள் ட்ரெயின், 1, 2 கால்கள் சோர்ஸ். இவ்விரண்டுக்கும் இடையே மீட்டர் பீப் ஒலித்தால் ஐசி முடிந்தது. அது போகும்போது முன்னால் உள்ள ஃப்யூஸ் ரெசிஸ்டரையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஐசி நன்றாக இருந்தும் 12 வோல்ட் வரவில்லை, அல்லது வந்து வந்து விழுகிறது என்றால், வெளியீட்டுப் பக்கத்துச் சிறு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை முதலில் சந்தேகியுங்கள். மேல்தட்டு உப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, உள்ளே வறண்டுபோனாலும் வெளியே அழகாகவே இருக்கும். 12 வோல்ட் சரியாக இருந்து 5 வோல்ட் மட்டும் இல்லையென்றால் 7805 ரெகுலேட்டரையோ, அதன் பின்னால் ஷார்ட்டாகி அதை அமுக்கிக்கொண்டிருக்கும் பாகத்தையோ தேட வேண்டும்.

போர்டு முழுவதும் பிசின் ஊற்றியிருக்கிறதே, பாகங்களை எப்படி எட்டுவது?

ஈரமும் கரப்பான் பூச்சியும் உள்ளே போகாதிருக்க ஊற்றப்பட்டது அது. பொறுமைதான் இதற்குக் கருவி. நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும் மென்மையான வகையாக இருந்தால் வேலை நடக்கும். கல்போல இறுகிய எபாக்ஸியாக இருந்தால் விட்டுவிடுங்கள். மென்மையான பிசினைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, ஐஸ்கிரீம் குச்சியைக் கூராகச் சீவி அதனால் தோண்டி எடுக்க வேண்டும். பிளேடைப் பயன்படுத்தினால் பிசினோடு சேர்த்துச் செம்புத் தடத்தையும் அறுத்துவிடுவோம். முழுப் போர்டையும் உரிக்க வேண்டியதில்லை, சந்தேகத்துக்குரிய பாகத்தைச் சுற்றி ஒரு பள்ளம் போதும். என் போர்டில் ஒரு ட்ரையாக்கின் மூன்று கால்களை வெளிக்கொணர ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. எரிந்த பாகத்தின் மேல் பிசின் தேன் நிறமாக மாறி, உள்ளே சிறு குமிழிகள் நின்றிருந்ததால் இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் எளிதாக இருந்தது. சூடாக்கும்போது வரும் புகையைச் சுவாசிக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பள்ளத்தை மூடச் சிலிக்கான் சீலண்ட் போடலாம். ஆனால் குளியலறை ஓடுகளுக்குப் போடும், வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று எழுதப்பட்ட வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

விளக்குகள் எரிகின்றன, ஆனால் தண்ணீர் வரவில்லை. அல்லது வந்த தண்ணீர் நிற்கவே இல்லை. இரண்டும் போர்டின் கோளாறுதானா?

தண்ணீர் வராவிட்டால், முதலில் குழாய் இணையும் இடத்தில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். சென்னைத் தண்ணீரில் அது மணலும் உப்பும் அடைத்துக் கிடக்கும். அது சுத்தமாக இருந்தால், வால்வின் இணைப்பைக் கழற்றிவிட்டு அதன் காயிலை அளவெடுங்கள். 230 வோல்ட் வால்வு ஏறத்தாழ 4 கிலோ ஓம் காட்டும். எல்லையின்மை என்று காட்டினால் காயில் அறுந்தது. சில நூறு ஓம் மட்டுமே காட்டினால் உள்ளே ஷார்ட், அதன் ட்ரையாக்கையும் அது எரித்திருக்க வாய்ப்புண்டு. என் மெஷினில் நேர்ந்தது இதுவே.

தண்ணீர் நிற்காவிட்டால், ஒரு நிமிடச் சோதனையிலேயே குற்றவாளியைப் பிடித்துவிடலாம். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது உலர்ந்த கையால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகும் தண்ணீர் வந்தால் வால்வுக்குள் மணல் சிக்கியிருக்கிறது, போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடனே நின்றால் இரண்டில் ஒன்று: ட்ரையாக் ஷார்ட் ஆகி வால்வை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறது, அல்லது தண்ணீரின் மட்டம் போர்டுக்குத் தெரியவில்லை. ட்ரையாக்கின் இரண்டு மெயின் கால்களுக்கு இடையே, மின்சாரம் இல்லாத நிலையில், எந்தப் பக்கம் வைத்தாலும் மீட்டர் திறந்த சுற்றைக் காட்ட வேண்டும், சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட். மட்டத்தை அறிவது பிரஷர் சென்சார். தொட்டியின் அடியிலிருந்து விரல் பருமன் குழாய் ஒன்று அதற்குப் போகும், அதற்குள் அடைபட்ட காற்றை ஏறும் தண்ணீர் அழுத்துவதை வைத்தே மட்டம் கணக்கிடப்படுகிறது. பழைய கடைகளில் மெஷினைப் படுக்க வைத்து உருட்டும்போது இந்தக் குழாய் கழன்றுவிடுவது மிகச் சாதாரணம். என் மைத்துனர் வீட்டு மெஷினில் அதைத் திரும்பச் சொருகிய பிறகு, போர்டு மாற்ற வைத்திருந்த பணத்தை வேறு செலவுக்குப் பயன்படுத்தினார்கள்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. என்ன காரணம்?

முதலில் 10 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் மோட்டார் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், சரியான அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது நன்றாக இருந்தால் விஷயம் ட்ரையாக்குகளிடம் வருகிறது. இந்த மோட்டாரில் ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. முன்னும் பின்னும் சுழற்ற, இரண்டு ட்ரையாக்குகள் மாறி மாறி இயங்கும். அவற்றுள் ஒன்று ஷார்ட் ஆனால், மற்றது இயங்கும் நேரத்தில் இரண்டு சுற்றுக்கும் ஒரே மின்னோட்டம் ஒரே கணத்தில் போகும். சுழற்றும் விசை பிறக்காமல் மோட்டார் உறுமிச் சூடாகும். இரண்டையும் ஜோடியாகவே மாற்றிவிடுவது என் வழக்கம், ஏனெனில் ஒன்று ஷார்ட் ஆன நிலையில் கெப்பாசிட்டரின் மின்னூட்டம் முழுவதும் மற்றதன் வழியாகத்தான் பாய்ந்திருக்கும், அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

திரையில் வரும் பிழைக் குறிகளை நம்பலாமா?

குறி காட்டுவது நோயை அல்ல, போர்டின் புகாரை. எல்ஜி மெஷினில் ஐஇ என்றால் குறித்த நேரத்தில் தண்ணீர் நிறையவில்லை, ஓஇ என்றால் வெளியேறவில்லை, டிஇ என்றால் மூடி திறந்திருக்கிறது, பிஇ என்றால் பிரஷர் சென்சாரின் செய்தி பொருந்தவில்லை என்று பொருள். ஓஇ வந்ததும் போர்டைக் கழற்றியவர்கள் உண்டு, கடைசியில் வெளியேறும் குழாயில் ஒரு குழந்தையின் காலுறை இருந்தது.

மூடி சுவிட்ச் வேலை செய்யவில்லை. இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடலாமா?

வேண்டாம். சுழல்வது நிமிடத்துக்கு 700 சுற்று வேகம், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். சோதனைக்காகக்கூட இதைச் செய்யாதீர்கள், செய்தால் அப்படியே மறந்துவிடுவோம்.

எந்தப் பொருள்கள் வேண்டும், எங்கே வாங்குவது?

மல்டிமீட்டர், 25 முதல் 60 வாட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்பு, சீரிஸ் பல்பு. இவ்வளவுதான். சென்னையில் பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போதும். பழைய ட்ரையாக்கைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எண்ணை மட்டும் சொன்னால் தோற்றம் ஒத்த வேறொன்று கைக்கு வந்துவிடும். எனக்கு வேண்டிய ட்ரையாக், வேரிஸ்டர், ஃப்யூஸ் மூன்றும் சேர்ந்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை, பழைய வால்வுக்கு மாற்று வாங்கியதுதான் பெரிய செலவு.

மைக்ரோகண்ட்ரோலரே போய்விட்டால்?

அந்த ஐசியைக் கடையில் வாங்கிப் போட்டுப் பயனில்லை, ஏனெனில் அதற்குள் இருக்கும் நிரலைத் தயாரிப்பாளர் தவிர வேறெவரும் தருவதில்லை. அதே மாடலின் பழைய போர்டைத் தேடுவது முதல் வழி. பல மாடல்களுக்கும் பொருந்தும்படி யுனிவர்சல் கார்டு என்று விற்கும் போர்டைப் போடுவது இரண்டாவது வழி. அதைப் போட்டால் அதனுடன் வரும் பிரஷர் சென்சாரையே பயன்படுத்த வேண்டும். தண்ணீர் வெளியேற்றும் பாகம் பம்பா, வால்வை இழுக்கும் மோட்டாரா என்பதையும் கடையிலேயே சொல்லி வாங்க வேண்டும். முகப்பில் உள்ள பட்டன்கள் புதிய கார்டின் பட்டன்களோடு பொருந்தாமல் மெஷின் பார்க்க அசிங்கமாக இருக்கும். துணி வெளுப்பதில் குறை இருக்காது.

இன்வர்ட்டர் மோட்டார் உள்ள மெஷினாக இருந்தால் கதை வேறு. அதில் 325 வோல்ட் டிசியைப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைத்து மோட்டாரை ஓட்டும் தனிப் பகுதி உண்டு. முதல் பழுதுக்கு அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

சரிசெய்த போர்டு மீண்டும் கெடாமலிருக்க என்ன செய்வது?

எலிக்கு அடிப்பக்கத்தில் வலை அல்லது தகடு. பல்லிக்கு, முகப்பின் உள்ளே ஒயர் நுழையும் துளைகளை அடைப்பது. நான் என் மெஷினின் முகப்பைத் திறந்தபோது இணைப்பான் ஒன்றின் மேல் பல்லி முட்டை இரண்டும், அருகில் இரண்டு பின்களுக்குக் குறுக்கே காய்ந்து ஒட்டிய ஒரு குட்டிப் பல்லியும் இருந்தன. மழையில் நனையும் பால்கனியில் மெஷினை வைத்திருப்பவர்கள் போர்டைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாம் முடிந்தது. உடனே துணி போடலாமா?

முதலில் துணியில்லாமல், தண்ணீர் மட்டும் வைத்து, பக்கத்தில் இருந்தபடியே ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். சீரிஸ் பல்பு வழியாக மோட்டார் ஓடாது என்பதால் இப்போது நேரடி மின்சாரம்தான், ஆர்சிசிபி இருக்க வேண்டும். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முகப்பை மறுபடியும் திறந்து, புதிதாகப் பற்றவைத்த இடங்களில் நிறம் மாறியிருக்கிறதா, எங்கேனும் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் மெஷினில் ஈயம் வைத்த இடங்கள் பளபளப்பாகவே இருந்தன. ஆனால் புதிய வால்வின் மூட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஒயர் கட்டின் மேலேயே ஊர்ந்து, போர்டுக்கு நான்கு விரல் தூரத்தில் வந்து நின்றிருந்தது. மூட்டை இறுக்கி, அந்த ஒயர் கட்டைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டிய பிறகே முகப்பைத் திருகி மூடினேன்.